பர்கரில் அகப்பட்ட அமிலம் – சி.எல்.ஏ.வின் கதை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் பால் மாநிலம் என்றே பெயர். அங்கே மாடு என்றால் மரியாதை, வெண்ணெய் என்றால் அரசியல். மஞ்சள் நிறம் ஏற்றிய மார்ஜரினை (அதாவது தாவர எண்ணெயில் செய்த போலி வெண்ணெயை) விற்கக் கூடாது என்று 1967 வரைக்கும் சட்டம் போட்டு வைத்திருந்த ஊர் அது! அந்த மாநிலத்தின் தலைநகரான மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில்தான், 1970களின் கடைசியில், மைக்கேல் பரிசா என்ற ஆராய்ச்சியாளர் மாட்டிறைச்சியைப் பொரித்துக்கொண்டிருந்தார். சாப்பிடுவதற்காக அல்ல. அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்காக.

அந்தக் காலத்தில் இது பரபரப்பான விஷயம். 1977ல் டோக்கியோவில் தகாஷி சுகிமுரா குழுவினர், கருகிய மீனிலும் இறைச்சியிலும் மரபணுவை மாற்றக்கூடிய பொருட்கள் இருப்பதைக் காட்டியிருந்தார்கள். ஹாம்பர்கரையே தேசிய உணவாக வைத்திருக்கும் அமெரிக்கர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது போல ஆகிவிட்டது. எத்தனை டிகிரி சூட்டில், எத்தனை நிமிடம் பொரித்தால் ஆபத்து ஆரம்பிக்கிறது என்பதுதான் பரிசாவின் கேள்வி. 1979ல் அவருடைய குழு அதைப் பற்றி ஒரு கட்டுரையும் வெளியிட்டது.

அவர் பயன்படுத்தியது ஏம்ஸ் சோதனை. கலிஃபோர்னியாவின் புரூஸ் ஏம்ஸ் 1970களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த முறை இது. சால்மனெல்லா என்ற பாக்டீரியாவில் ஒரு ஊனமுற்ற வகையை எடுத்துக்கொள்வார்கள். ஹிஸ்டிடின் என்ற சத்தைத் தானே தயாரித்துக்கொள்ள அதற்குத் தெரியாது, வெளியிலிருந்து கொடுத்தால்தான் வளரும். சந்தேகத்துக்குரிய பொருளை அதோடு சேர்க்கும்போது, மரபணு மாறி, ஊனம் தீர்ந்து, தானாகவே வளர ஆரம்பித்தால் அந்தப் பொருள் மரபணுவை மாற்றுகிறது என்று அர்த்தம். தட்டில் எத்தனை புள்ளிகள் முளைத்திருக்கின்றன என்று எண்ணிவிட்டால் போதும். மலிவு, சுலபம், இரண்டே நாளில் முடிவு.

இறைச்சிச் சாற்றைப் பிரித்துப் பிரித்துச் சோதித்தபோது எதிர்பார்த்தது கிடைத்தது. எதிர்பாராததும் கிடைத்தது. சாற்றின் ஒரு பகுதியைச் சேர்த்தபோது புள்ளிகள் கூடுவதற்குப் பதில் குறைந்தன! அதாவது மரபணு மாற்றத்தைத் தடுக்கும் ஏதோ ஒன்றும் அதே இறைச்சியில் இருக்கிறது. அதுவும் பொரித்த இறைச்சியில் மட்டுமல்ல, பச்சை இறைச்சியிலும் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் சோதனையில் ஏதோ தவறு என்று தட்டைக் கழுவி வைத்திருப்பார்கள். பரிசா விடவில்லை. 1985ல், அந்தச் சாற்றை எலிகளின் தோலில் தடவி, அதன் பிறகு டி.எம்.பி.ஏ. என்ற புற்றுநோய் ஊக்கியைத் தடவினால் கட்டிகள் குறைவாக வருகின்றன என்று காட்டினார். ஆனால் அந்தப் பொருள் என்ன என்பது மட்டும் பிடிபடவில்லை. 1987ல்தான் ஹா, கிரிம் என்ற இருவரோடு சேர்ந்து அதன் பெயரைக் கண்டுபிடித்தார்: இணைவுற்ற லினோலெயிக் அமிலம். ஆங்கிலச் சுருக்கத்தில் சி.எல்.ஏ. ஆய்வகத்தில் தனியாகச் செய்த சி.எல்.ஏ.வைத் தடவிய எலிகளுக்கு, தடவாத எலிகளைவிடக் கிட்டத்தட்டப் பாதி கட்டிகள்தான் வந்தன. புற்றுநோயைத் தேடிப் போன இடத்தில் புற்றுநோய்த் தடுப்பு கிடைத்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை நமக்குத் தெரியும். இங்கே பூதத்தைத் தேடி வெட்டியபோது தண்ணீர் வந்துவிட்டது!

சரி, இந்த அமிலம் என்ன புதுசா? இல்லை. லினோலெயிக் அமிலம் நாம் தினமும் சாப்பிடுவதுதான். சூரியகாந்தி எண்ணெய், சோள எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாவற்றிலும் நிறைய இருக்கிறது. 18 கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு சங்கிலி. அதில் 9வது இடத்திலும் 12வது இடத்திலும் இரட்டைப் பிணைப்புகள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கார்பன் இடைவெளியாக நிற்கிறது. சி.எல்.ஏ.வில் அந்த இடைவெளி இல்லை. ஒரு பிணைப்பு நகர்ந்து அடுத்ததன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 9லும் 11லும் இருக்கலாம், 10லும் 12லும் இருக்கலாம். அத்தோடு ஒவ்வொரு பிணைப்பும் ஒரே பக்கமாக வளைந்திருந்தால் 'சிஸ்', எதிரெதிர்ப் பக்கமாக நிமிர்ந்திருந்தால் 'டிரான்ஸ்'. ஆக, சி.எல்.ஏ. என்பது ஒரு பொருளின் பெயரே அல்ல, ஒரு குடும்பப் பெயர். இந்தக் குடும்பத்தில் இரண்டு பேரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். ஒருவர் 'சிஸ்-9, டிரான்ஸ்-11'. இன்னொருவர் 'டிரான்ஸ்-10, சிஸ்-12'. முன்னவரை 9-11 என்றும் பின்னவரை 10-12 என்றும் சுருக்கமாக அழைக்கலாம். அணுக்கள் அதே, எண்ணிக்கை அதே, எடை அதே. ஒரு பிணைப்பு ஓர் இடம் தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இந்தக் கதையின் பாதி குழப்பம் இந்த இரண்டு பேரையும் ஒரே ஆள் என்று நினைத்ததால் வந்தது.

உண்மையில் பரிசாவுக்கு வெகு காலம் முன்பே இந்த அமிலம் தலைகாட்டிவிட்டது. 1935ல் இங்கிலாந்தில் வெண்ணெயை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். குளிர்காலம் முழுக்கக் கொட்டிலில் கட்டி வைத்திருந்த மாடுகளை வசந்த காலத்தில் புல்வெளியில் விட்டதும், அவற்றின் வெண்ணெய்க் கொழுப்பு புற ஊதாக் கதிரில் 230 நானோமீட்டர் அருகே அதிகமாக ஒளியை உறிஞ்சியது. இரட்டைப் பிணைப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதற்கான அடையாளம் அது என்று சில வருடங்களில் புரிந்தது. அதற்கு மேல் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இது மாட்டுக்குள் எப்படி வருகிறது என்பதுதான் அழகான பகுதி. புல்லிலும் எண்ணெய்ச் சத்து உண்டு, ஆனால் மாட்டின் கொழுப்பு நம் தாவர எண்ணெய் போல இளகி இருப்பதில்லை, கெட்டியாக இருக்கிறது. ஏன்? மாடு தின்றதை முதலில் செரிப்பது மாடு இல்லை, அதன் முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். அசைபோடும் பிராணிகளின் அந்தப் பெரிய வயிறு ஒரு நொதித்தல் தொட்டி மாதிரி. இரட்டைப் பிணைப்பு உள்ள கொழுப்பு அந்த நுண்ணுயிர்களுக்கு விஷம். அதனால் ஹைட்ரஜனைச் சேர்த்துச் சேர்த்து அந்தப் பிணைப்புகளை ஒழித்துவிடுகின்றன. 1951ல் ரேமண்ட் ரைசர் இதைக் காட்டினார். 1960களின் நடுவில் வட கரோலினாவில் கெப்லர், டோவ் இருவரும் புட்டிரிவிப்ரியோ ஃபைப்ரிசால்வன்ஸ் என்ற பாக்டீரியாவைத் தனியாக வளர்த்து, படிப்படியாக என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். முதல் படியில் லினோலெயிக் அமிலம் 9-11 ஆக மாறுகிறது. அடுத்த படியில் வாக்சினிக் அமிலம். கடைசியில் ஸ்டியரிக் அமிலம், முழுக்க நிறைவுற்ற கொழுப்பு. நம் 9-11 இந்த வழியில் வரும் ஒரு நடுத்தர நிலையம். எல்லா ரயிலும் கடைசி நிலையம் வரை போவதில்லை அல்லவா? கொஞ்சம் பாதியிலேயே இறங்கி, குடல் வழியாக இரத்தத்தில் கலந்து, பாலுக்கும் இறைச்சிக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 1977ல் ஆஸ்திரேலியாவின் பரோடி, பால் கொழுப்பில் இருப்பது இந்த 9-11தான் என்று உறுதி செய்தார். அசைபோடும் வயிற்றின் பெயரால் பின்னாளில் இதற்கு 'ரூமெனிக் அமிலம்' என்று நாமகரணமும் நடந்தது.

2000ல் இதில் ஒரு திருத்தம் வந்தது. பாலில் இருக்கும் 9-11ல் பெரும்பகுதி வயிற்றிலிருந்து தப்பி வந்ததல்ல என்று கிரினாரி, பௌமன் குழுவினர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் காட்டினார்கள். தப்பி வருவது பெரும்பாலும் அடுத்த நிலையமான வாக்சினிக் அமிலம். மாட்டின் மடியில் இருக்கும் ஒரு நொதி அதைத் திரும்ப 9-11 ஆக்குகிறது. மனித உடம்புக்கும் இந்த வித்தை தெரியும். சாப்பிட்ட வாக்சினிக் அமிலத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை நாமும் சி.எல்.ஏ. ஆக மாற்றிக்கொள்கிறோம்.

இதனால்தான் மாடு என்ன தின்கிறது என்பது முக்கியமாகிறது. 1999ல் வெளியான ஓர் ஆய்வில், மூன்றில் ஒரு பங்கு மேய்ச்சலில் இருந்த மாடுகளின் பால் கொழுப்பில் கிராமுக்கு 8.9 மில்லிகிராம் சி.எல்.ஏ. இருந்தது. மூன்றில் இரண்டு பங்கு மேய்ந்தவற்றில் 14.3. முழுக்க முழுக்கப் புல்லிலேயே வாழ்ந்தவற்றில் 22.1. தானியமும் சேமித்த தீவனமும் தின்று கொட்டிலில் நிற்கும் மாட்டின் பாலில் இதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். 1935ல் இங்கிலாந்துக்காரர்கள் வசந்த காலத்து வெண்ணெயில் பார்த்த அதே சங்கதி. (நம் நாட்டுத் தயிரிலும் நெய்யிலும் எவ்வளவு சி.எல்.ஏ. இருக்கிறது என்று 1990லேயே இந்திய ஆராய்ச்சியாளர்கள் அளந்திருக்கிறார்கள். எருமையும் அசைபோடுவதுதானே! பசும்புல்லுக்கு வழியில்லாமல் காய்ந்த வைக்கோலையே மென்றுகொண்டிருக்கும் மாட்டிடம் மட்டும் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. வைக்கோலில் மாற்றுவதற்கு எண்ணெயே இல்லை.)

இப்போது மறுபடி ஆய்வகத்துக்கு வருவோம். 1987க்குப் பிறகு விஷயம் சூடு பிடித்தது. நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகரத்துப் புற்றுநோய் நிலையமான ராஸ்வெல் பார்க்கில் கிளெமென்ட் இப் என்பவர் பெண் எலிகளுக்கு உணவிலேயே சி.எல்.ஏ.வைக் கலந்து கொடுத்தார். 1991ல் வெளியான முடிவு: உணவில் 0.5 சதவீதம் சேர்த்தபோது மார்பகப் புற்றுக் கட்டிகள் 32 சதவீதம் குறைந்தன, 1 சதவீதத்தில் 56, 1.5 சதவீதத்தில் 60. சாதாரண லினோலெயிக் அமிலத்தை அதிகமாகக் கொடுத்தால் அதே எலிகளுக்குக் கட்டிகள் கூடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பிணைப்பு நகர்ந்ததும் வில்லன் கதாநாயகன் ஆகிவிடுகிறான். இன்னொரு விஷயம், பால்குடி மறந்ததிலிருந்து பருவமடையும் வரையான சில வாரங்கள் மட்டும் கொடுத்து நிறுத்திவிட்டாலும் பாதுகாப்பு நீடித்தது. 1994ல் முயல்களில் ஒரு சோதனை. பன்னிரண்டு முயல்களுக்குக் கொலஸ்டிரால் உணவு. அதில் ஆறுக்கு மட்டும் தினம் அரை கிராம் சி.எல்.ஏ. 22 வாரத்துக்குப் பிறகு பார்த்தால், அந்த ஆறின் இரத்தக் குழாயில் கொழுப்புப் படிவு குறைவு. (அதே தசாப்தத்தின் கடைசியில் நியூசிலாந்தில் ஒரு வகைச் சுண்டெலியில் இதற்கு நேர்மாறாகப் படிவு கூடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதை மாத்திரை விளம்பரங்களில் பார்க்க முடியாது.) 1996ல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு வெளியிட்ட அறிக்கை, சோதனை விலங்குகளில் புற்றுநோயைத் தடுப்பதாக ஐயமின்றிக் காட்டப்பட்ட ஒரே கொழுப்பு அமிலம் இதுதான் என்றது.

ஆனால் சி.எல்.ஏ.வை உலகப் புகழ் ஆக்கியது புற்றுநோய் அல்ல. தொப்பை!

அதுவும் கோழியில் ஆரம்பித்தது. அதே மேடிசனில் கோழி அறிவியல் துறையில் மார்க் குக் என்று ஒருவர். கோழிப் பண்ணைக்காரர்களின் பழைய தலைவலி ஒன்று அவருடைய ஆராய்ச்சி. குஞ்சுக்குத் தடுப்பூசி போட்டாலோ நோய் வந்தாலோ அதன் எதிர்ப்பு சக்தி முடுக்கிவிடப்படும். அந்தச் சமயத்தில் தசை கரையும், வளர்ச்சி நிற்கும், எடை குறையும். தீவனம் போட்ட காசு வீண். 1993ல் குக், பரிசா முதலானோர் சேர்ந்து, சி.எல்.ஏ. கலந்த தீவனம் தின்ற குஞ்சுகளுக்கு இந்த எடை இழப்பு ஏற்படவில்லை என்று காட்டினார்கள். எலிகளிலும் அப்படியே. தசை கரையவில்லை என்றால் உடம்பின் கட்டமைப்பே மாறுகிறதா என்று அடுத்த கேள்வி. 1997ல் பார்க் என்ற ஆய்வாளரும் அவர்களும் வெளியிட்ட எண்கள் யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும்: உணவில் வெறும் 0.5 சதவீதம் சி.எல்.ஏ. சேர்த்த சுண்டெலிகளில் உடல் கொழுப்பு ஆண்களில் 57 சதவீதமும் பெண்களில் 60 சதவீதமும் குறைவு.

இந்த இடத்தில் கோழி முட்டைக் கதையையும் சொல்லிவிடலாம், ஏனென்றால் எச்சரிக்கை மணி முதலில் அங்கேதான் அடித்தது. சி.எல்.ஏ. தின்ற கோழிகளின் முட்டைகளைக் குளிர்பதனத்தில் வைத்து எடுத்தால் மஞ்சள் கரு ரப்பர் மாதிரி இறுகிப் போயிருந்தது. அடை வைத்தால் குஞ்சு பொரிக்கவில்லை, கரு உள்ளேயே செத்துப்போனது. தீவனத்தில் ஆலிவ் எண்ணெயைச் சேர்த்தால் இந்தத் தொல்லை நீங்கியது என்று 2001ல் அதே மேடிசன் குழுவே எழுதியது. முட்டைக்குள் இருக்கும் கொழுப்பு அமிலங்களின் விகிதத்தையே சி.எல்.ஏ. கலைத்துவிடுகிறது. ஒரு பொருள் உடம்பில் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்துவிட்டு மரியாதையாக வெளியே போய்விடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இனி வியாபாரம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கிக் குத்தகைக்கு விடுவதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது: விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளை, சுருக்கமாக வார்ஃப். 1925ல் தொடங்கியது. ஹாரி ஸ்டீன்பாக் என்ற பேராசிரியர், உணவின்மேல் புற ஊதாக் கதிர் பாய்ச்சினால் வைட்டமின் டி உண்டாகும் என்று கண்டுபிடித்தார். அந்தக் காப்புரிமையை நிர்வகிக்கத்தான் வார்ஃப் பிறந்தது. இந்த வைட்டமின் மார்ஜரின்காரர்கள் கையில் போய்ச் சேர்ந்து வெண்ணெய் வியாபாரம் படுத்துவிடக் கூடாது என்பதும் ஸ்டீன்பாக்கின் கவலைகளில் ஒன்று. மாட்டு விசுவாசம் அப்படி! பின்னாளில் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தும் இங்கிருந்தே வந்தது. அந்தப் பெயரின் முன்பாதியே இந்த அறக்கட்டளைதான். அதற்கும் மூலம் மாடுதான், கெட்டுப்போன தீவனம் தின்று இரத்தம் கசிந்து செத்த மாடுகள். காப்புரிமைப் பணம் திரும்ப ஆராய்ச்சிக்கே போகும் என்பது ஏற்பாடு. கணக்குப் பார்த்தால் பல்கலைக்கழகங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

சி.எல்.ஏ.வின் பயன்களுக்கும் வார்ஃப் வரிசையாகக் காப்புரிமைகள் வாங்கியது. இங்கேதான் ஒரு சிக்கல். பாலிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ மாத்திரை செய்ய முடியாது, கட்டுப்படியாகாது. மலிவான வழி, லினோலெயிக் அமிலம் ஏராளமாக உள்ள குசும்பா எண்ணெயைக் காரத்தோடு சேர்த்துச் சூடுபடுத்துவது. பிணைப்பு நகர்ந்து சி.எல்.ஏ. ஆகிவிடும். ஆனால் வேதியியலுக்கு எந்தப் பக்கம் நகர வேண்டும் என்ற விருப்பு வெறுப்பு கிடையாது. பாதி 9-11 ஆகவும் பாதி 10-12 ஆகவும் நகரும். மாட்டுப் பாலில் இருப்பது பெரும்பாலும் 9-11. 10-12 அதில் சொற்பம். அதாவது "பாலிலும் இறைச்சியிலும் இயற்கையாக உள்ளது" என்று புட்டியில் எழுதி விற்ற மாத்திரையில் பாதிப் பங்கு, பாலில் ஏறக்குறைய இல்லாத பொருள்!

அளவையும் பாருங்கள். அமெரிக்க ஆண்கள் உணவில் தினம் பெறுவது சுமார் 212 மில்லிகிராம், பெண்கள் 151 மில்லிகிராம் என்று 2001ல் ஒரு கணக்கு வந்தது. மாத்திரைக்காரர்கள் சிபாரிசு செய்தது தினம் 3 கிராம் அளவுக்கு. பால் கொழுப்பில் கிராமுக்கு 5 மில்லிகிராம் என்று வைத்தால் 3 கிராமுக்கு 600 கிராம் கொழுப்பு வேண்டும். 4 சதவீதக் கொழுப்புள்ள பாலில் அது 15 லிட்டர்! எந்தப் பாட்டியும் அவ்வளவு பால் காய்ச்சிக் கொடுத்ததில்லை.

ஆனாலும் சரக்கு விற்றது. நார்வேயின் நேச்சுரல் நிறுவனம் 'டோனலின்' என்ற பெயரிலும், நெதர்லாந்தின் லோடர்ஸ் குரோக்லான் 'கிளாரினால்' என்ற பெயரிலும் கொண்டுவந்தன. உடற்பயிற்சிக் கூடங்களில் புரதப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் சி.எல்.ஏ. புட்டியும் இடம் பிடித்தது.

மனிதர்களில் என்ன ஆயிற்று? சோதனை முடிவுகள் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தன. 2000ல் நார்வேயில் 60 பேரிடம் 12 வாரம் செய்த சோதனையில் கொழுப்பு சற்றே குறைந்தது. அதே வருடம் அமெரிக்காவில் 17 பெண்களை ஆய்வு மையத்திலேயே தங்க வைத்து, ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் அளந்து, தினம் 3 கிராம் வீதம் 64 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. 2004ல் மறுபடி நார்வே, 180 பேர், ஒரு வருடம்: உடல் கொழுப்பு 7 முதல் 9 சதவீதம் வரை குறைவு. 2006ல் டென்மார்க்கில், எடையைக் குறைத்தவர்களுக்கு ஒரு வருடம் கொடுத்தும் இழந்த எடை திரும்பி வருவதை அது தடுக்கவில்லை. 2007ல் விஸ்கான்சின்காரர்களே 18 ஆய்வுகளைத் திரட்டிக் கூட்டிப் பார்த்தார்கள். தினம் 3.2 கிராம் எடுத்தால், எடுக்காதவர்களைவிட வாரத்துக்கு 0.09 கிலோ கொழுப்பு கூடுதலாகக் குறைகிறது, அதுவும் ஆறு மாதத்துக்குப் பிறகு வேகம் தணிகிறது. மூன்று மாதம் விடாமல் விழுங்கினால் ஒரு கிலோ. 2012ல் நீண்ட காலச் சோதனைகளை மட்டும் எடுத்துப் பார்த்த இன்னொரு தொகுப்பில், எடை வித்தியாசம் 0.7 கிலோதான். சுண்டெலிக்கு 60 சதவீதம். மனிதனுக்குத் தராசு முள் அசைந்ததா இல்லையா என்ற சந்தேகம்!

புற்றுநோய் விஷயத்திலும் மனிதர்கள் எலிகளைப் போல ஒத்துழைக்கவில்லை. 2000ல் ஃபின்லாந்தில் மாதவிடாய் நின்ற பெண்களை ஆராய்ந்தபோது சி.எல்.ஏ. அதிகம் உள்ளவர்களுக்கு மார்பகப் புற்று குறைவாக இருப்பது போலத் தெரிந்தது. 2002ல் நெதர்லாந்தின் பெரிய ஆய்வு அப்படி எந்தப் பாதுகாப்பையும் காணவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு விளக்கம் மருத்துவமனையிலிருந்து வரவில்லை, மாட்டுக் கொட்டிலிலிருந்து வந்தது. தானியம் அதிகம், நார்ச்சத்து குறைவு என்று தீவனம் போட்டால் பாலில் கொழுப்பு சரிந்துவிடும். இது பால்காரர்களின் மிகப் பழைய புதிர். 1845லேயே பிரெஞ்சு விஞ்ஞானி பூசிங்கோ குறிப்பிட்டது. பாலுக்குக் கொழுப்பைப் பார்த்து விலை போடும் ஊரில் இது நேரடி நஷ்டம். 1990களில் கார்னெலில் டேல் பௌமன் குழுவினர், அப்படிப்பட்ட தீவனம் தின்னும்போது வயிற்று நுண்ணுயிர்கள் தங்கள் வழக்கமான 11 பாதையை விட்டு 10 பாதைக்கு மாறிவிடுகின்றன என்று கவனித்தார்கள். 2000ல் பாம்கார்ட், பௌமன் முதலானோர் செய்த சோதனை மிக நேர்த்தியானது. தூய்மையான 9-11, தூய்மையான 10-12 இரண்டையும் தனித்தனியாக, நுண்ணுயிர்கள் கைவைக்க முடியாதபடி நான்காவது வயிற்றுக்குள்ளேயே நேராகச் செலுத்தினார்கள். தினம் வெறும் 10 கிராம், நான்கே நாள். 9-11 கொடுத்த மாட்டில் ஒரு மாற்றமும் இல்லை. 10-12 கொடுத்த மாட்டில் பால் கொழுப்பு 40 சதவீதத்துக்கும் மேல் சரிந்துவிட்டது! பிறகு விளங்கியது: கொழுப்பைத் தயாரிக்கும் நொதிகளுக்கான மரபணுக்களையே அது மடியில் அடக்கிவிடுகிறது.

சுண்டெலியின் கொழுப்பைக் கரைத்ததும் 10-12தான் என்பது 1999லேயே தெரிந்திருந்தது. ஆக, மாட்டுப் பாலின் நற்பெயரில் விற்ற மாத்திரையில் எடைக்காக வேலை செய்த பாதி, பாலில் இருக்கும் பாதி அல்ல.

அந்த வேலைக்குக் கூலியும் உண்டு. 2000ல் ஜப்பானில் சுண்டெலிகளுக்கு 1 சதவீதம் கொடுத்தபோது கொழுப்புத் திசு ஏறக்குறைய மறைந்தே போனது. ஆனால் கொழுப்பு உடம்பை விட்டுப் போகவில்லை, கல்லீரலுக்குக் குடிபெயர்ந்தது. கல்லீரல் வீங்கியது, இன்சுலின் எகிறியது. சேமித்து வைக்கக் கிடங்கு இல்லாவிட்டால் சரக்கு நடுவீட்டில்தானே கிடக்கும்? 2002ல் ஸ்வீடனில் ரிசெருஸ் குழுவினர் தொப்பை உள்ள 60 ஆண்களுக்குப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். தூய 10-12 எடுத்தவர்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு 19 சதவீதமும் இரத்தச் சர்க்கரை 4 சதவீதமும் கூடியிருந்தது. தொப்பையைக் குறைக்க மாத்திரை தேடுபவர் யார்? பெரும்பாலும் சர்க்கரை நோயின் வாசலில் நிற்பவர்தான். அவருக்கே இது இப்படி என்றால் மற்றது எல்லாம் இரண்டாம் பட்சம். கடையில் கிடைத்த கலவை இந்த அளவுக்கு மோசமில்லை என்று விற்பவர்கள் தரப்பில் வாதம் இருந்தது, அதில் உண்மையும் இருந்தது. ஆனால் வாங்குபவருக்குப் புட்டியில் எந்தப் பாதி எதைச் செய்யும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அரசாங்கங்களுக்கு இது இன்னொரு தர்மசங்கடம். 2003ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், உணவுப் பொட்டலங்களில் டிரான்ஸ் கொழுப்பின் அளவை அச்சிட வேண்டும் என்று விதி போட்டது (2006ல் அமலுக்கு வந்தது). சி.எல்.ஏ.விலும் டிரான்ஸ் பிணைப்பு இருக்கிறதே! விதியின் வரையறையில் பக்கத்தில் பக்கத்தில் இல்லாத பிணைப்புகளை மட்டும் கணக்கில் எடுத்து, சி.எல்.ஏ.வை வெளியே விட்டார்கள். பாவம், அதன் உறவுக்கார வாக்சினிக் அமிலத்துக்கு அந்தச் சலுகை இல்லை. 2008ல் டோனலின், கிளாரினால் கலவைகளைச் சில உணவுகளில் அளவோடு சேர்க்க அந்த நிர்வாகம் ஆட்சேபம் இல்லை என்றது. 2010ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இரண்டு பக்கமும் பேசியது. ஆறு மாதம் வரை இந்த அளவில் எடுப்பது பாதுகாப்பானதுதான், ஆனால் அதற்கு மேல் தெரியாது, இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கும் உறுதி சொல்ல முடியாது என்றது ஒரு கருத்து. எடை குறையும் என்ற விளம்பர வாசகத்துக்கு ஆதாரம் போதாது என்றது இன்னொரு கருத்து. அதாவது விற்கலாம், என்ன செய்யும் என்று மட்டும் சொல்லக் கூடாது.

டோனலின் கைமாறிக் காக்னிஸ் நிறுவனத்துக்குப் போய், 2010ல் அந்த நிறுவனத்தையே ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். விழுங்கியது. லோடர்ஸ் குரோக்லானை 2002லேயே மலேசியாவின் ஐ.ஓ.ஐ. வாங்கியிருந்தது. மார்க் குக் 2017ல் காலமானார்.

10-12க்கு மட்டும் கடைசியில் நாணயமான ஒரு வேலை கிடைத்தது. கன்று ஈன்ற முதல் சில வாரங்களில் பசு தின்பதைவிட அதிகமாகக் கறக்கும், உடம்பு இளைக்கும். பாலில் மிக அதிகச் சக்தி செலவாவது கொழுப்புக்குத்தான். அந்த நாட்களில் மட்டும் பாலின் கொழுப்பைச் சற்றுக் குறைத்தால் பசுவுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். அதற்காக, முதல் வயிற்று நுண்ணுயிர்கள் தின்றுவிடாதபடி மேலே பூச்சு பூசிய சி.எல்.ஏ. தீவனச் சேர்க்கையாக விற்பனைக்கு வந்தது. மனிதனுக்கு இடுப்புச் சுற்றளவில் கண்டுபிடிக்க முடியாத வித்தியாசத்தை, பசுவின் பாலில் நான்கு நாளில் அளந்துவிடலாம்.